சப்பாத்துக்கு அக்கரையில் கேட்ட குரல்

இது கட்டிச் சொல்லும் கதை இல்லை. போன ஜூலையில் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. நேரம் உட்பட எல்லாம் பதிவில் அப்படியே இருக்கிறது. நடந்தது ஜெஸ்லினுக்கு. ஆரியசாலையில் வண்டிகளுக்கு வயரிங் வேலை பார்ப்பவள். அவளைத் தெரிந்த யாரும், அவள் பயந்து உளறினாள் என்று சொல்லமாட்டார்கள்.

ஜெஸ்லினிடம் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப் உண்டு. அவளுடைய கூட்டுக்காரி சிஜி ஒரு நர்ஸ். அவளிடமும் ஒன்று உண்டு. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, விதுரா தாண்டி மலைமேல் எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களில் படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கு இருவரும் மருந்து கொண்டுபோவார்கள். அங்கே போனில் சிக்னல் கிடையாது. ஒரு வண்டி மாட்டிக்கொண்டால் இன்னொன்றுக்குத் தெரியாது. அதனால்தான் இருவரும் பரீட்சை எழுதி, ஹாம் ரேடியோ லைசன்ஸ் வாங்கினார்கள்.

ஜீப் கிளப் ஹரிகுமார் சிரித்தார். “ரெண்டு பெண்ணுங்களுக்கு எதுக்கு இத்தனை பெரிய செட்டு? கையில பிடிக்கிற வாக்கி டாக்கி போதுமல்லோ?”

“ரெண்டு வளைவு தாண்டினா அது ஊமையாயிரும் ஹரியண்ணா. எனக்குப் பேசுற சாமான்தான் வேணும்.”

வண்டியிலேயே பொருத்துகிற இருபத்தைந்து வாட் செட்டாக வாங்கினாள். கூரையில் ஓட்டை போடாதே, மழை ஒழுகும் என்றார்கள். ஏரியல் நடுக்கூரையில் நின்றால்தான் நாலு பக்கமும் ஒரேபோல எட்டும். தகரத்தின் நட்டநடுவில் துளைபோட்டு, ரப்பர் வாஷர் வைத்து இறுக்கினாள். கரண்டை நேரே பேட்டரியிலிருந்து, தனி ஃப்யூஸ் வைத்து எடுத்தாள். கியர் மாற்றுகிற கை எட்டுகிற இடத்தில் மைக்குக்குக் கொக்கி. சிஜியின் ஜீப்பிலும் அதே வேலை. சிஜி விழிஞ்ஞத்தில் நின்று பேசினாள். பதினைந்து கிலோமீட்டர் தள்ளி, தம்பானூரில் நின்ற ஜெஸ்லினுக்குப் பக்கத்து சீட்டில் இருந்து பேசியதுபோலக் கேட்டது.

அந்தச் சனிக்கிழமை மலையில் விடாத மழை. முன்னால் ஜெஸ்லின், பின்னால் சிஜி. ஒரு வண்டி மட்டும் போகிற பாதை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மூன்று ஒன்பதுக்குப் பின்பார்வைக் கண்ணாடியில் சிஜியின் மஞ்சள் விளக்கைப் பார்த்தாள். பிறகு மூடுபனி அதை மூடிவிட்டது.

மூன்று பதினாலு. ஸ்பீக்கரில் ‘டிக்’ என்றது. யாரோ மைக்கை அழுத்தி, பேசாமல் விட்டதுபோல.

“சிஜி?”

மைக்கைக் கொக்கியில் மாட்டிவிட்டு ஓட்டினாள்.

மூன்று இருபது. ஸ்பீக்கரில் ஒரு சத்தம். கிரீச்... டக். கிரீச்... டக். ஜெஸ்லினுடைய வைப்பரின் அதே சத்தம். அவள் வைப்பரை நிறுத்தினாள். முன்கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்தது.

ஸ்பீக்கரில் வைப்பர் நிற்கவில்லை.

கிரீச்... டக்.

 அவள் ரேடியோவை அணைக்கவில்லை. சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

மூன்று முப்பத்தொன்று. ஓடை வந்தது. குறுக்கே தரையோடு தரையாக ஒரு சிமெண்டுப் பாலம், சப்பாத்து என்பார்கள். அதன்மேல் செந்தண்ணீர் ஓடியது. அக்கரை தெரியவில்லை.

“ஜெஸ்லீ...” சிஜியின் குரல். “நான் கடந்தாச்சு. முட்டளவுதான் வெள்ளம். வா.”

சிஜி பின்னால் வந்தவள். முந்திப்போக அந்தப் பாதையில் இடமே இல்லை.

“எங்க நிக்குற?”

“அக்கரையில.”

“அப்ப ஹாரன் அடி. கேக்கட்டும்.”

மழைச் சத்தம் மட்டும்...

“வா.”

“நீ சொன்னா நான் வரணுமா? வரமாட்டேன்.”

கம்பு ஒன்றை எடுத்து இறங்கினாள். தட்டித் தட்டி நடந்தாள். மூன்றாவது அடியில் கம்புக்குத் தரை கிடைக்கவில்லை.

நடுப்பாலம் இல்லை.

அப்போது பின்னால் எஞ்சின் சத்தம். வேகமாக.

ஓடிவந்து மைக்கைப் பிடித்தாள். “சிஜி, நில்லு! பாலம் இல்ல!”

எஞ்சின் சத்தம் கூடியது.

மூடுபனியில் சிஜி வந்து மோதினால் இரண்டு வண்டியும் ஓடையில்தான். மைக்கை வீசிவிட்டு, தன் ஜீப்பைத் தாண்டி வந்த வழியே ஓடினாள். நடுவில் நின்றாள். இரண்டு கையையும் விரித்தாள்.

மஞ்சள் வெளிச்சம்.

பிரேக்.

ஒரு முழ இடைவெளி.

சிஜி கதவைத் திறந்தாள்.  “எடீ... நீயல்லே வரச் சொன்னது?”

“நானா?”

“நீதான். ரேடியோவில. உன் சொந்தக் குரல்.”

ஜெஸ்லின் மைக்கில் கத்தியது ஒன்றுகூட சிஜிக்குக் கேட்கவில்லை.

ஜெஸ்லின் தன் ஜீப்புக்குப் போனாள். மைக்கை எடுத்தாள். “இது என் ரேடியோ. என் கையால மாட்டினது. நீ யாரா வேணும்னாலும் இரு. நாங்க இந்த வழி வருவோம், போவோம். எங்களைத் தடுக்க உன்னால ஆகாது.”

டிக்.

அவ்வளவுதான்.

வண்டிகளைப் பின்னாலேயே எடுத்து, ஓடையைச் சுற்றிப் போகும் மேல்பாதையில் ஏறி, ஐந்து இருபதுக்கு லயத்தில் மருந்தைக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். விஷயம் தெரிந்த ஹரிகுமார், செட்டைக் கழற்றச் சொன்னார். கழற்றவில்லை. இன்றும் அதே செட்டு, அதே மலை.

மறுநாள் ஞாயிறு காலையில் சிஜி தன் வண்டிக் கேமராவின் பதிவைக் கொண்டுவந்தாள். மூடுபனி, மழை, ரேடியோச் சத்தம், எல்லாம் இருந்தது. ஓரத்தில் நேரம் மூன்று முப்பத்தொன்று. ஜெஸ்லினை ஒரு குரல் கூப்பிட்ட அதே நிமிஷம்.

பதிவில் ஜெஸ்லினின் குரல். சிரித்துக்கொண்டே சொல்கிறது.

“சிஜி, நான் கடந்தாச்சு. நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம். நீ மட்டும்தான் பாக்கி.”

அன்று மலை ஏறிய வண்டிகள் இரண்டே இரண்டு.