பச்சையாக இருந்த எங்கள் தெரு

நான் வரைந்த முதல் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிய அன்று, மேடம் அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டே வெகுநேரம் பார்த்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாக வாலாஜாபாத் வரை உள்ள ஊர்கள் அதில் இருந்தன. வசதி குறைந்த இடங்களுக்குப் பழுப்பு, வசதியான இடங்களுக்குப் பச்சை. தொழிற்சாலைகளை ஒட்டிய ஊர்கள் அத்தனையும் பச்சை. எங்கள் ஊரும் அதில் ஒன்று. பாராட்டுவார் என்று காத்து நின்றேன்.

"அழகா இருக்கு பிள்ள. ஆனா எனக்கு நம்பிக்கை வரல" என்றார்.

அவர் திருநெல்வேலிக்காரர். ஒரு சிறிய ஆய்வு நிறுவனத்தில் எங்கள் குழுவுக்குத் தலைவர். பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. புள்ளியியலில் புலி, ஆனால் தெருநாயைக் கண்டால் என் துப்பட்டாவைப் பிடித்துக்கொள்வார். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி எங்கருந்து வருது?" என்பதுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

அவருடைய சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. நாங்கள் கையில் வைத்திருந்த மக்கள்தொகைக் கணக்கு பழையது. அதை எடுத்த காலத்தில் எங்கள் ஊரில் பாதி இடம் நெல்வயல். புதிதாக நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பிலும் ஓட்டை இருந்தது. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கென வரிசையாகக் கட்டிவிட்ட வாடகை அறைகளைப் பகலில் போய்ப் பார்த்தவர்கள், சாத்திய கதவை வைத்தே பூட்டிய வீடு என்று எழுதிக்கொண்டு திரும்பியிருந்தார்கள். திறந்திருந்த அறைகளுக்கோ வீட்டுக்காரர்கள் போகவிடாமல் வாசலிலேயே மறித்து, தங்கள் வீட்டை மட்டும் காட்டி அனுப்பிவிட்டார்கள். வீட்டு வரியை ஏற்றத்தான் வந்திருக்கிறார்கள் என்று அவர்களுக்குப் பயம். ஆகவே கான்கிரீட் கூரை, மின்சாரம், குழாய் என்று எழுதப்பட்டிருந்ததெல்லாம் வீட்டுக்காரர்களின் வீடுகள். குடிதண்ணீர்த் திட்டத்தை எந்த ஊரில் முதலில் தொடங்குவது என்று முடிவெடுக்க அரசாங்கத்தில் இந்த வரைபடத்தைத்தான் கேட்டிருந்தார்கள். பச்சை நிறத்து ஊர்கள் கடைசிக்குப் போய்விடும்.

இரண்டு வாரம் அவகாசம் வாங்கிக்கொண்டு மேடம் என்னிடம் கேட்டார். "உங்க ஊர்ல நமக்குக் கதவைத் திறக்க ஆளு உண்டா?"

அப்பாவைத் தவிர யாரைச் சொல்வேன்? நிலத்தில் ஒரு பகுதியை விற்ற காசில் வீட்டுக்குப் பின்னால் வரிசையாக அறைகள் கட்டி, தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். நல்ல மனிதர். பண்டிகைக்கு ஊருக்குப் போகாத பெண்களுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஆனால் அவரும் ஒரு வீட்டுக்காரர். கணக்கெடுக்க வந்தவர்களைத் திருப்பி அனுப்பியவர்களில் அவரும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மேடத்தைச் சாப்பிட அழைத்தேன். அம்மா வைத்த கருவாட்டுக் குழம்பை அவர் மூன்றாம் முறை கேட்டு வாங்கியதிலேயே அப்பாவுக்குப் பிடித்துப்போயிற்று. வந்த காரியத்தை மேடம் மறைக்கவில்லை. அப்பாவின் முகம் மாறியது.

"எங்க ஊர்ல இன்னாம்மா வறுமை கீது? எல்லாம் காங்கிரீட்டு போட்ட மெத்தை வூடு. வாசல்ல கம்பெனி பஸ் வந்து நிக்குது" என்றார்.

"இருக்கட்டும் அண்ணாச்சி. காலையில வாரேன், ஒருதடவை சேந்து பாப்போம். நீங்க சொன்னது சரின்னா பச்சையாவே விட்டுருதேன்."

மறுநாள் விடிந்ததும் வந்துவிட்டார். நைட் ஷிப்ட் முடிந்து பேருந்துகள் தெருமுனையில் பெண்களை இறக்கிக்கொண்டிருந்தன. காலை ஷிப்டுக்குப் போகிறவர்கள் அதே பேருந்துக்காக நின்றார்கள். ஒரே அறையில் எழுந்து போனவர்களின் பாயில் வந்தவர்கள் படுத்தார்கள்; பாய் சுருட்டப்படவே இல்லை. கழிப்பறை முன்னால் வாளிகள் வரிசையில் நின்றன. அப்பா எல்லாவற்றையும் தினமும் பார்ப்பவர்தான். இன்று வேறொருவரோடு நின்று பார்த்தார்.

ஓர் அறை வாசலில் தலையைப் பின்னிக்கொண்டிருந்த பெண்ணிடம் மேடம் ஊரைக் கேட்டார். சங்கரன்கோவில் பக்கம் என்றாள். "அட, நம்ம ஊருப் பிள்ளைல்லா!" என்று மேடம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஊர்க்கதை ஓடியது. பிறகுதான் அந்தத் தண்ணீர்க் கேள்வி வந்தது.

அவள் அப்பாவை ஒருமுறை பார்த்தாள். "தொட்டியில தண்ணி சீக்கிரம் தீந்துரும் மேடம். நாங்க கம்பெனியிலயே குளிச்சிட்டு வந்துருவோம். குடிக்கவும் அங்கருந்துதான் பாட்டில்ல புடிச்சிட்டு வாரோம். லீவு நாள்லதான் கஷ்டம்."

"இத ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார் அப்பா.

அவள் பின்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "சொன்னா ரூமைக் காலி பண்ணச் சொல்லிருவியளோன்னு பயம்தான்."

அப்பா சட்டென்று வீட்டுக்குள் போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தார். "வாம்மா, பக்கத்து வூட்டுக்குப் போலாம். நான் சொன்னா தொறப்பாங்க."

அந்த இரண்டு வாரமும் அவர் எங்களோடு நடந்தார். வரி இல்லை, ஒன்றுமில்லை, எல்லார் வீட்டுக்கும் தண்ணீர் வருவதற்காகத்தான் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரிடமும் அவரே பேசினார். நாய் வந்தால் மேடம் இப்போது அவருக்குப் பின்னால் ஒளிந்தார். "இவ்ளோ படிச்சிட்டு நாய்க்குப் போய் பயந்துகினு கீறியேம்மா" என்று அப்பா சிரிப்பார். மேடம் அவரைவிடச் சத்தமாகச் சிரிப்பார்.

புதிய வரைபடத்தை முதலில் அப்பாவிடம்தான் காட்ட வேண்டும் என்று மேடம் எடுத்து வந்தார். பல ஊர்கள் நிறம் மாறியிருந்தன. எங்கள் ஊர் நல்ல அடர்ந்த பழுப்பு. அப்பா விரலை வைத்துத் தேடிக் கண்டுபிடித்தார். வாழ்நாளெல்லாம் உழைத்து முன்னேறியவருக்கு அந்த நிறம் வலித்திருக்கும்.

"இந்த கலரு மாறணும்னா இன்னாம்மா செய்யணும்?"

"தண்ணியை கவர்மென்ட் பாத்துக்கிடும் அண்ணாச்சி. கக்கூஸை நீங்க பாத்துக்கிடுங்க."

குழாய் வர நாளாயிற்று. ஆனால் எங்கள் ஊர் முதல் பட்டியலிலேயே வந்தது. அதற்கு முன்பே அப்பா பின்பக்கம் இருந்த கொய்யாமரத்தை வெட்டிவிட்டு, அங்கே கழிப்பறைகளும் குளியலறைகளும் கட்டினார்.

மேடம் ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டைக்குப் போய்விட்டார். இன்று அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்து, புதிதாக வருகிறவர்கள் ஒட்டும் வரைபடங்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறேன். சென்ற ஆண்டு அப்பா இறந்தபோது மேடம் ரயிலேறி வந்தார். வாசலில் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். வீட்டில் வாடகைக்கு இருந்த பெண்கள் ஷிப்டுக்குப் போகாமல், குடும்பத்துப் பிள்ளைகளைப்போல் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மேடத்திடமும் ஒரு சொம்பை நீட்டினாள். வழக்கமான கேள்வியை அவர் கேட்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.