முள்ளங்கிக்கு ஒரு பாத்தி

இனி மருந்து ஏற்றிக்கொள்ள ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று என் மனைவி சொன்னது மாசி மாதத்தில். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது சமாளித்திருப்பேன். நாளைக்குப் பால் வேண்டாம் என்று பால்காரரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். அவளுக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. கஞ்சியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், அவள் அண்ணனைப் போனில் பேசச் சொன்னேன். எதற்கும் மசியவில்லை.

அப்படி இருந்தவள் ஒருநாள் தானாகவே முள்ளங்கி கேட்டாள். செருப்பைக்கூட மாட்டாமல் ஓடி, மார்க்கெட்டில் வாங்கி வந்தேன். மோந்து பார்த்துவிட்டுத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"பிடுங்கி எத்தன நாளாச்சோ. எங்க வீட்ல பிடுங்குன கையோட கழுவித் திம்போம். சுருக்குன்னு இருக்கும்."

அவள் பிறந்தது திருவேட்டக்குடிப் பக்கம், மணல் பூமி. நான் சுரக்குடிக்காரன். எங்கள் கொல்லை முழுக்கக் களிமண். இருந்தாலும் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு என்ன இருந்தது?

"நானே போட்டுத் தர்றேன். ஆனா அடுத்த தடவ மருந்துக்கு நீ வரணும்" என்றேன்.

"மொதல்ல மொளைக்கட்டும். அப்பறம் பாப்போம்" என்றாள்.

நான் ஆபீஸ் உத்தியோகம் பார்ப்பவன்தான். ஆனாலும் குறுவை, தாளடி என்று நெல்லே போட்டு வளர்ந்த குடும்பம். மண்ணைத் தயார் செய்வதென்றால் எங்களுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். நாலு பக்கமும் வரப்பு கட்டினேன். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் நிரப்பினேன். தழையைப் போட்டு மிதிமிதியென்று மிதித்து, மண் வழவழவென்று சேறாகும்வரை விடவில்லை. பலகையைப் போட்டு இழுத்துச் சமப்படுத்தினேன். போனில் ஒரு வீடியோவாவது பார்த்திருக்கலாம். சேறடிக்க எனக்கு எவன் சொல்லித்தர வேண்டும் என்ற திமிர். தண்ணீரை வடித்துவிட்டு, நாற்றங்காலில் விதை விடுவதுபோலவே முள்ளங்கி விதையைத் தூவினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தில் அவளுக்குக் கேட்கும்படி பாட்டு வேறு.

வெயில் ஏறியது. பாத்தி முதலில் பளபளவென்று காய்ந்தது, பிறகு வெடித்தது. விதை ஒன்றும் வெளியே வரவில்லை. தண்ணீர் தெளித்தேன், இன்னும் இறுகியது. குச்சியால் கீறிப் பார்த்தேன். உள்ளே விதைகள் அழுகிக் கிடந்தன. தினமும் ஆபீஸுக்குப் போகும் முன்னும் வந்த பின்னும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பச்சையாவது தெரிகிறதா என்று தேடினேன். அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்து ஏற்றும் தேதி வந்தது, போனது. முளைக்கவில்லையே, எந்த முகத்தோடு அவளைக் கூப்பிடுவது?

மறுநாள் காலை கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய்ப் பாத்தியைக் குத்தினேன். செங்கல் செங்கல்லாகப் பெயர்ந்தது. அந்தக் கட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். சத்தம் கேட்டுத்தான் வந்திருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லை வாசலில் நின்றாள். அவள் படுக்கையை விட்டு அவ்வளவு தூரம் வந்து ரொம்ப நாளாகியிருந்தது.

"என்னங்க, இதுல என்ன, நெல்லா நடப் போறீங்க?" என்றாள். "கெழங்கு கீழ எறங்க வேணாமா? இதுல எறும்புகூட எறங்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்தது சந்தோஷமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் வேப்பமர நிழலில் நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தேன். அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கட்டிகளை உடைத்து வெயிலில் ஆறப்போட்டேன். ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்தேன். கல், வேர் எல்லாவற்றையும் பொறுக்கினேன். நடுநடுவே ஒரு பிடி மண்ணை அவள் கையில் கொடுப்பேன். உருட்டிப் பார்த்து, விரலால் தட்டுவாள். உதிராவிட்டால், "இன்னும் பத்தல, மணல் போடுங்க" என்பாள். எனக்கு முதுகு விட்டுப்போகும், ஆனாலும் வேலை முடியவே கூடாது என்று இருந்தது. அங்கே உட்கார்ந்திருந்த நாட்களில் அரை டம்ளர் மோர்க்கஞ்சி குடித்தாள். நான் மறுபடி கணக்குப் போட ஆரம்பித்தேன்.

அதற்குள் சித்திரை பிறந்திருந்தது. சேனை நடுகிற பருவம். பாத்தி பொலபொலவென்று வந்த அன்று, நல்ல விதைக்கிழங்காக ஒன்று வாங்கி வந்து அவள் மடியில் வைத்தேன். முள்ளங்கி வருவதும் சீக்கிரம், தீர்ந்துபோவதும் சீக்கிரம். சேனையென்றால் பொங்கல்வரை மண்ணுக்குள் இருக்கும். அது விளையும்வரை இவளும் இருந்தாக வேண்டும். என் புத்திக்கு எட்டிய தந்திரம் அவ்வளவுதான்.

"இதப் போடுவோம். பொங்கலுக்கு நீயே வெட்டு" என்றேன்.

கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடுவிலிருந்த முளையை விரலால் தொட்டாள்.

"நல்ல மொளை. இத அந்த வேலியோரமா வைங்க. பொங்கலுக்கு உங்களுக்கு ஆவும். பாத்தியில முள்ளங்கியே போட்டுடுங்க, எனக்கு."

"எனக்கு ஒண்ணும் சேன வேணாம்!" என்று கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவள் விதைப் பொட்டலத்தைப் பிரித்து, என் கையை இழுத்து விரித்து, அதில் கொட்டினாள்.

"நெருக்கிப் போட்டுடாதீங்க" என்றாள்.