இடது பக்கக் கதவுக் கண்ணாடி

சித்திக்கு வந்த நல்ல சம்பந்தத்தை என் வாய்தான் கெடுத்தது என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருவர் அதை எடுத்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நடந்ததை முழுசாகச் சொல்கிறேன், நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

அப்போது நாங்கள் சிகந்திராபாத்தில் மாமா வீட்டோடு இருந்தோம். மாமா என் அம்மாவுக்கு அண்ணன், சித்தி தங்கை. திருநெல்வேலியை விட்டு வந்து இரண்டு தலைமுறை ஆகியும் அந்த வீட்டில் பேச்சும் குழம்பும் கோபமும் அந்த ஊருடையவைதான். சித்தி மௌலா அலிப் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் இயந்திரப் படங்கள் வரையும் பிரிவில் இருந்தாள். தாத்தா விட்டுப்போன கறுப்புக் கார் ஒன்று எங்களிடம் இருந்தது. மாமா அதை ஓட்டுவார். நின்றுவிட்டால் இறங்கி நின்று அதைத் திட்டுவார். சரிசெய்வது சித்தி.

சம்பந்தம் தூத்துக்குடியிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தக் கடை, சொந்த வீடு. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: பெண் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். “வேலைய விட எனக்கு இஷ்டமில்லண்ணே” என்று சித்தி ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னாள். மாமா ரசம் கேட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவர்கள் பெண் பார்க்க வருவதாக இருந்தது ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை. ஊருக்குள் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார்கள். வேதக்கோயில் ஆராதனை முடிந்ததும் மாமா காரில் போய் அழைத்து வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை சாயங்காலம் பார்த்து முன்பக்க இடது கதவின் கண்ணாடி கீழே இறங்கி உட்கார்ந்துகொண்டது. மாமா பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார். கைப்பிடி சுற்றியதே தவிர, கண்ணாடி மேலே வரவில்லை. மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஈரக்காற்று ஆகாதாம். அந்தச் சீட்டில்தான் அவரை உட்கார வைக்க வேண்டும்.

“காலைல நீ கோயிலுக்கு வர வேண்டாம். இதச் சரிபண்ணிட்டு, குளிச்சு, சேலை கட்டி ரெடியா இரு. ஸ்பேனர் புடிச்ச கையோட அவங்க கண்ணுல பட்டுராத” என்று சித்தியிடம் மாமா சொன்னார்.

எனக்கு இருமல் இருந்ததால் என்னையும் வீட்டில் விட்டுப் போனார்கள். சித்தி கைப்பிடிக்குப் பின்னால் இருந்த வட்டத் தகட்டை அழுத்தி, உள்ளேயிருந்த சிறு ஊசியைத் தள்ளினாள். கைப்பிடி கையோடு வந்தது. பிறகு கதவின் உள்பக்க அட்டையை மெதுவாக நெம்பி எடுத்தாள். உள்ளே கத்தரிக்கோல் போல விரிந்து மடங்கும் இரண்டு இரும்புக் கைகள் இருந்தன. அவற்றின் நுனியில் இருக்கும் உருளை, கண்ணாடியின் அடியில் நீளப் பள்ளமாக உள்ள காடிக்குள் ஓட வேண்டும். அது காடியை விட்டு வெளியே வந்து கிடந்தது.

“இது என்னட்டி?”

“உருளை.”

“எங்க இருக்கணும்?”

“காடியில.”

ஒவ்வொன்றையும் இப்படித் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். பரீட்சைக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. நடுவில் தேநீர் போட்டுக் குடித்தாள். கழற்றியதை மாட்டினாள், மாட்டியதை மறுபடியும் கழற்றினாள். நானே பொறுமை இழந்து, “சீக்கிரம் சித்தி, மாமா வந்துருவாரு” என்றேன். “நக்கோ, நக்கோ. அவசரப்பட்டா கண்ணாடி ஒடஞ்சிரும்” என்றாள். ‘வேண்டாம்’ என்பதற்கு அந்த ஊர்ப் பேச்சு அது.

மாமா கோயிலிலிருந்து வந்தபோது கதவு குடலைக் காட்டிக்கொண்டு நின்றது. மாமாவுக்கு முகம் சிவந்துவிட்டது. என் அப்பாவை டாக்சி பிடித்துப் போய் விருந்தாளிகளை அழைத்து வரச் சொல்லிவிட்டு, சித்தியின் தலைமாட்டில் நின்று கத்தினார். வாசலில் டாக்சி வந்து நிற்கும்போதுதான் கண்ணாடி மேலே ஏறியது. மாமா சித்தியைப் பின்வாசல் வழியாக உள்ளே தள்ளிவிட்டு, அவள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைப் பிடுங்கித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

மாப்பிள்ளையின் அப்பா இறங்கியதும் அதைத்தான் பார்த்தார். கண்ணாடி மக்கர் செய்ததை டாக்சியில் வரும்போதே கேட்டிருந்தார். அவரிடமும் ஒரு பழைய கார் இருந்ததாம், அதிலும் இதே தொல்லையாம். கூடத்தில் உட்கார்ந்ததும், “எப்படிச் சரிபண்ணீங்க?” என்று ஆசையாகக் கேட்டார்.

“என்ன பெரிய விஷயம்? ஓரமா எண்ணெய் விட்டு ரெண்டு தட்டு தட்டினேன். ஏறிருச்சு” என்றார் மாமா.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து குனிந்து நின்றவள் ஒருத்தி, பெயர் வாங்குகிறவர் ஒருவர்! அதுவும் எண்ணெயாம், தட்டினாராம்!

“ஜூட்! மாமா சொல்றது ஜூட்!” என்று கத்தினேன். பொய்யை நாங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்வோம். அத்தோடு நிற்கவில்லை. ஊசியைத் தள்ளியது, அட்டையை நெம்பியது, உருளையைக் காடியில் ஏற்றியது என்று எல்லாவற்றையும் வரிசை மாறாமல் ஒப்பித்தேன். “எல்லாம் பண்ணினது சித்தி! காரில எது கெட்டாலும் சித்திதான் பண்ணும்!”

அந்த நேரத்தில் சித்தி பட்டுச்சேலையில் காபித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் விரல்களைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் கறுப்பாக இருந்தது. சித்தி கையை மறைக்கவில்லை.

“நான் சொன்னது சரிதானே சித்தி?”

“ஹவ்” என்று தலையாட்டினாள் சித்தி. “கடைசில கிரீஸ் போட்டத மட்டும் விட்டுட்டட்டி.”

காபி குடித்தார்கள், ஜெபம் பண்ணினார்கள், போனார்கள். அந்த வாரமே பதில் வந்துவிட்டது. பெண் தங்கள் வீட்டுக்குத் தோதுப்படாதாம். மாமா என் காதைத் திருகிய திருகில் இரவெல்லாம் வலித்தது. கிறிஸ்துமஸுக்கு எனக்குப் புதுக் கவுன் கிடையாது என்று அம்மா தீர்ப்பு சொன்னாள். பொய் சொன்னவருக்கு ஒன்றும் இல்லை, உண்மை சொன்ன எனக்கு இத்தனையும். இது எந்த ஊர் நியாயம்? அதைவிட எனக்குப் பொறுக்காதது வேறு. நான் அடிவாங்கும்போதெல்லாம் குறுக்கே வந்து விழுகிற சித்தி, அன்று வராந்தாவில் உட்கார்ந்து கொண்டை ஊசியால் நகத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அதே கண்ணாடி மறுபடியும் சிக்கிக்கொண்டது. அன்று காரில் நானும் சித்தியும் மட்டும் மௌலா அலிப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். தூறல் நேராக என் மடியில் விழுந்தது. சித்தி ஓரமாக நிறுத்தி, அங்கே சோளம் விற்றவளிடம் எனக்கு ஒரு மக்காச்சோளம் சுடச் சொல்லிவிட்டுக் கதவருகே உட்கார்ந்தாள். ஊசி, கைப்பிடி, அட்டை, உருளை. சோளம் சுட்டு முடிவதற்குள் கண்ணாடி மேலே ஏறிவிட்டது.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. “இவ்வளவு சீக்கிரம் முடியும்னா அன்னிக்கு ஏன் சித்தி காலைலேருந்து பண்ணின? அன்னிக்கே முடிச்சிருந்தா மாமா பொய் சொல்லியிருக்க மாட்டாரு. நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். எனக்குக் கவுனும் கிடைச்சிருக்கும்!”

சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

“அன்னிக்கு எனக்கு என்னட்டி அவசரம்?” என்றாள்.

அவசரம் இல்லையா? மாமா தலைமாட்டில் நின்று அந்தக் கத்து கத்தினாரே, வாசலில் டாக்சி வந்து நின்றதே, அது அவசரம் இல்லையா? சோளத்தைத் தொடாமல் வீடு வரும்வரை நான் அவளோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தேன்.