சீதாலெட்சுமி சொல்லிவைத்த ஊசி

கிள்ளானில் சேலைக்கடைகள் நிறைந்த தெருவுக்குப் பின்னால், ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் சீதாலெட்சுமியின் தொழில் நடக்கிறது. கல்யாண மண்டபங்களுக்கு மணமேடை அலங்கரிப்பது அவள் வேலை. தங்க நிறத் தூண்கள், பட்டுத் துணிச் சுருள்கள், விளக்குச் சரங்கள் எல்லாம் மேல்மாடியில் அடுக்கிக் கிடக்கும். ரவாங்கிலிருந்து சுபாங் ஜெயா வரை அவளுக்கு வாடிக்கையாளர்கள் உண்டு. வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம் என்றாலும், சொன்ன நேரத்தில் மேடை எழுந்து நிற்கும். கணவன் கமலநாதன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன். வீட்டில் பேசுகிறவள் அவள், கேட்டுக்கொள்கிறவன் அவன்.

சுபாங் ஜெயா மண்டபத்தில் அது நடந்தபோது அவளுக்கு நாற்பது வயதிருக்கும். அதற்கு முந்தைய வாரம் முழுக்க அவள் சரியாகத் தூங்கவில்லை. தூக்கமே வேண்டாம் என்று தோன்றியது. புதுப்புது யோசனைகள் மழையாகக் கொட்டின. வேலையாட்கள், “அக்கா இப்ப செம ஃபோர்ம்ல இருக்காங்க லா” என்று வியந்தார்கள். அன்று மத்தியானம் மேடை கண்ணைப் பறிக்கும்படி முடிந்திருந்தது. மணமகள் வீட்டார் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று சீதாலெட்சுமிக்கு எல்லாமே தப்பாகப் பட்டது. துணிகளைக் கிழித்தாள். தூண்களைச் சாய்த்தாள். சாமிகளெல்லாம் தன்னை நேரில் கூப்பிட்டுப் பேசுகிறார்கள் என்று கத்திக்கொண்டே வெளியே ஓடி, சாலையின் நடுவில் கையை விரித்து நின்று கார்களை நிறுத்தினாள்.

கமலநாதனும் ஒரு வேலையாளுமாக அவளை வேனில் ஏற்றி, அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த வெளிச்சமும் சத்தமும் சீருடைகளும் அவளை இன்னும் வெருட்டின. கட்டிலைத் தள்ளினாள். காவலாளி ஒருவரின் கையைக் கடித்துவிட்டாள். யாரோ மலாயில் “பெகாங்! பெகாங்!”, பிடி பிடி, என்று கத்த, ஆளுக்கொரு பக்கமாக அவளைப் பிடித்து அமுக்கினார்கள். சேலை தொடைக்கு மேலே ஏறியது. ஊசி இறங்கியது. என்ன மருந்து, எதற்கு என்று ஒருவரும் சொல்லவில்லை. தன்னை விஷம் வைத்துக் கொல்கிறார்கள் என்றே அவள் நம்பினாள். கண் மூடுவதற்கு முன், கணுக்காலைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். கமலநாதனின் கை.

மறுநாள் வார்டில் எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு நின்றது. தாடை இழுத்தது, நாக்கு தடித்துப் பேச்சு வரவில்லை. சிலருக்கு அந்த ஊசி அப்படிச் செய்யும் என்றார்கள். அதற்கு மாற்று ஊசி போட்டதும் சற்று நேரத்தில் கழுத்து நேரானது. பயம் மட்டும் போகவில்லை. அவளுக்கு வந்திருப்பது பைபோலார் என்று அந்த வார்டில்தான் தெரிந்தது. மனம் அளவுக்கு மீறி உச்சத்துக்கு ஏறும், பிறகு ஆழத்தில் விழும், மாத்திரை நாள்தோறும் சாப்பிட வேண்டும் என்று விளக்கினார்கள்.

வீடு திரும்பியும் அவள் கமலநாதனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவனும் சோறு எடுத்துவைப்பதும் மாத்திரை கொடுப்பதுமாக இருந்தானே தவிர வாய் திறக்கவில்லை. ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

“அவங்க பிடிச்சாங்க, சரி. நீங்களும் ஏங்க பிடிச்சீங்க?”

“கால பிடிங்கன்னு சொன்னாங்க. யாரோ பிடிக்கிறதுக்கு நான் பிடிச்சா உனக்கு வலிக்காதுன்னு நெனச்சேன்.”

“மத்தவங்க பிடிச்சது வலிக்கல. நீங்க பிடிச்சதுதான் வலிச்சுச்சு.”

அவன் எழுந்துபோய்ச் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதான். தண்ணீர்ச் சத்தம் நிற்காததைக் கேட்டு அவள் பின்னாலேயே போனாள். அன்றைக்குத்தான் இருவரும் மறுபடி சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அதோடு விட்டுவிடுகிற ஆளில்லை சீதாலெட்சுமி. அடுத்த முறை கிளினிக்குக்குப் போனபோது, அவளைக் கவனிக்கும் மனநல டாக்டர் ஏமி தூக்கத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே இவள் கேட்டாள்.

“டாக்டர், அன்னிக்கு எனக்குப் போட்ட ஊசிக்குப் பேரு என்ன?”

ஏமி கணினியைப் பார்த்து, “ஹலோபெரிடால்” என்றார்.

“எதுக்குப் போட்டீங்க?”

“நீங்க நடுரோட்டுல நின்னீங்க. ஒருத்தரைக் கடிச்சிருக்கீங்க. அந்த வேகம் அடங்கலைன்னா உங்களுக்கே ஆபத்து. அடங்கினாத்தான் மத்த வைத்தியமே பார்க்க முடியும்.”

“நான் ஊசி போட்டது தப்புன்னு சொல்லல டாக்டர். என் மேல கையை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இன்னொரு தடவை வரக்கூடாது. வந்துட்டா எப்படிச் செய்யணும்னு இப்பவே பேசி வச்சுக்குவோம். அப்ப எனக்குப் புத்தி இருக்காது, இப்ப இருக்குல்ல?”

கல்யாண வீட்டாரிடம் மேடையைப் பற்றிப் பேசி முடிக்கிற அதே தோரணையில் அவள் பேசினாள். முதலில் மாத்திரை கொடுத்துப் பார்க்க வேண்டும். மறுத்தால் ஊசி போடலாம், ஆனால் கழுத்தைத் திருகிய அந்த மருந்து கூடாது. என்ன போடுகிறோம் என்று தமிழில் அவளிடம் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஒரு பெண் இருக்க வேண்டும், காலைப் போர்வையால் மூட வேண்டும். கணவனைப் பிடிக்கச் சொல்லவே கூடாது.

ஏமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். நாக்கில் வைத்தால் கரையும் மாத்திரை இருக்கிறது, ஊசியிலும் வேறு மருந்து உண்டு, இரண்டையும் குறித்துவைக்கலாம் என்றார். “ஆனா எல்லாத்துக்கும் நான் சத்தியம் பண்ண முடியாது, சீதா. தமிழ் தெரிஞ்சவங்க அன்னிக்கு டியூட்டியில இல்லாம போகலாம். ஆபத்துன்னா பிடிக்கத்தான் வேண்டி வரும்.”

“பிடிங்க. சொல்லிட்டுப் பிடிங்க.”

ஏமி சிரித்துவிட்டு, அவள் பெயரைத் திறந்ததும் அவசரப் பிரிவினர் கண்ணில் படும்படி எல்லாவற்றையும் பதிந்துவைத்தார். அன்று வீடு திரும்பும் வழியில் சீதாலெட்சுமி காரில் பாட்டு முணுமுணுத்தாள். கமலநாதன் அதைக் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

அதற்குப் பிறகு நல்ல காலம்தான். மேடைகள் எழுந்தன, பெயர் பரவியது. நன்றாக இருக்கிறோமே என்ற தைரியத்தில்தான் அவள் மாத்திரையைச் சாப்பிடாமல் விடத் தொடங்கினாள். காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று ஒரு நாள், கல்யாண சீசன் என்று இன்னொரு நாள். பேச்சு வேகமெடுத்ததைக் கமலநாதன் கவனித்தான். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதற்கு, “என் வளர்ச்சியப் பார்த்து உங்களுக்குப் பொறாமை” என்று எரிந்து விழுந்தாள். மறுநாள் காலை மேல்மாடி ஜன்னலைத் திறந்து, கிள்ளானையே அலங்கரிக்கப் போகிறேன் என்று தூண்களைத் தெருவில் எறிய ஆரம்பித்தாள். கீழே போனவர்கள் சிதறி ஓடினார்கள்.

கமலநாதனும் வேலையாட்களும் அவளை அதே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவுக்குள் அவள் கத்திக்கொண்டேதான் நுழைந்தாள். காவலாளிகள் நெருங்கினார்கள். அங்கே பணியில் இருந்த தாதி புனிதா மிஸ்ஸி கணினியில் அவள் குறிப்பைப் பார்த்துவிட்டு, கையை உயர்த்தி அவர்களை நிறுத்தினாள்.

“சீதா அக்கா, நான் புனிதா. இது நீங்க கேட்டு வச்ச மாத்திரை. நாக்குல வச்சா கரைஞ்சிடும்.”

சீதாலெட்சுமி மாத்திரையை வாங்கினாள். வாங்கிப் புனிதாவின் முகத்திலேயே எறிந்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியைத் தூக்கினாள்.

புனிதா இரண்டடி பின்வாங்கினாள். குரலை மட்டும் உயர்த்தவில்லை. “சரி அக்கா, மாத்திரை வேணாம். அப்ப ஊசி. கழுத்த இழுக்குற மருந்து இல்ல, வேற மருந்து. இப்ப பிடிக்கப் போறோம். நான் உங்க பக்கத்துல இருக்கேன்.”

பிடித்தார்கள். அவள் திமிறினாள், எல்லாரையும் ஏசினாள். ஆனால் புனிதாவின் குரல் காதருகே நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இப்போது போர்வை போர்த்துகிறேன், இப்போது துடைக்கிறேன், சில்லென்று இருக்கும், இப்போது குத்தும். அத்தனை இரைச்சலுக்கு நடுவே சீதாலெட்சுமிக்கு ஒன்று மட்டும் தெளிவாக எட்டியது. இவர்கள் தன்னிடம் சொல்லிக்கொண்டு செய்கிறார்கள், கொல்ல வந்தவர்கள் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார்கள். அவள் கண்கள் கமலநாதனைத் தேடின. அவன் திரைக்கு வெளியே நின்றிருந்தான்.

“ஏங்க, அங்கயே நில்லுங்க!” என்று கத்தினாள்.

“இங்கதான் இருக்கேன் சீதா. எங்கயும் போகல.”

உடம்பு மெல்லத் தளர்ந்தது. தூங்கிய பிறகும் புனிதா அவளை விட்டு நகராமல், மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

எழுந்ததும் சீதாலெட்சுமி கழுத்தைத்தான் முதலில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். நன்றாகத் திரும்பியது. வாய் உலர்ந்திருந்தது, தலை கனத்தது, ஆனால் பயம் இல்லை. “தே தாரே கிடைக்குமா?” என்று நுரை பொங்க ஆற்றிய பால்தேநீர் கேட்டாள். இந்தத் தடவை வார்டில் சில நாட்களே இருக்க வேண்டியிருந்தது. காலையில் வரும் தலைப்பாரம் குறையும்படி ஏமி மாத்திரையின் அளவை மாற்றிக் கொடுத்தார். மாத்திரையைச் சாப்பிடாமல் விட்டது தன் தப்புதான் என்று அவள் ஒப்புக்கொண்டாள். இனிமேல் மாறுதல் தெரிந்தால் தன்னைக் கேட்காமலே கிளினிக்கைக் கூப்பிடலாம் என்று கமலநாதனுக்கு அனுமதியும் கொடுத்தாள்.

தூண்களை வீசிய கதை ஊருக்குள் பரவாமல் இருக்குமா? அடுத்த மாதம் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து தனலெட்சுமி என்ற அம்மாள் மகள் கல்யாணத்துக்காக வந்தார். படங்களையெல்லாம் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி இழுத்தார்.

“உங்களுக்கு உடம்பு ஏதோ சரியில்லன்னு சொன்னாங்க...”

“ஆமா ஆன்டி. எனக்கு பைபோலார். மாத்திரை சாப்பிடறேன், டாக்டரப் பார்க்கறேன். முடியலன்னா எப்படிப் பார்த்துக்கணும்னு எங்க வீட்டுக்கும் தெரியும், ஆஸ்பத்திரிக்கும் தெரியும். அன்னிக்கு நான் இல்லாட்டியும் என் ஆளுங்க மேடையப் போட்டுருவாங்க.”

தனலெட்சுமி அம்மாள் படங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, “பொண்ணு முழுக்க வெள்ளைப் பூவுல கேக்கிறா. நல்லா இருக்குமா மா?” என்று கேட்டார்.

“வெள்ளை மட்டும்னா கொஞ்சம் வெளுத்துத் தெரியும் ஆன்டி. ஓரத்துக்குப் பச்சை போட்டுக் காட்டறேன், உட்காருங்க” என்று சீதாலெட்சுமி எழுந்து துணிகளை எடுக்கப் போனாள்.