இருக்கிறதிலேயே மெதுவான மோட்டர்

ரிமோட் கார் மோட்டர் விற்கிறவனுக்குப் பேய் பயம், பிசாசு பயம் எல்லாம் அப்புறம்தான். முதல் பயம், விற்ற மோட்டர் திரும்பி வருவது. கவுண்டருக்குப் பின்னால் நின்று காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் சிரித்துக்கொண்டே வாங்கிப் போன மனுசன் சாயங்காலம் அதே பையோடு படியேறி வருவதைப் பார்த்தால் கவுண்டருக்குக் கீழே ஒளிந்துகொள்ளத் தோன்றும், இல்லையா?

நான் கண்டிக்கு மேலே, மடுல்கெல்லத் தோட்டப் பக்கம் பிறந்தவன். முதலில் வேலை பார்த்த ரேடியோக் கடை இனக் கலவரத்தில் எரிந்து போனது. பிறகு கண்டி டவுனில் ஒரு முஸ்லிம் முதலாளி தன்னுடைய விளையாட்டுச் சாமான் கடையில் என்னை ரிப்பேர் வேலைக்குச் சேர்த்துக்கொண்டார். தெருவிலிருந்து ஒன்பது படி ஏறினால் கடை.

பறக்கணும்

வருகிற எல்லாரும் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: எது வேகமா ஓடும்? மோட்டருக்குள் செம்புக் கம்பி எத்தனை சுற்று சுற்றியிருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சுற்று குறைந்தால் வேகம் கூடும், ஆனால் பெட்டரியைக் குடித்துவிடும். சுற்று கூடினால் மெதுவாகப் போகும், சுமை இழுக்கும். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேருக்குக் கொட்டாவி வந்துவிடும்.

பிடிவாதத்தில் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டவர் நாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர், வேகத்தைக் ‘கெதி’ என்பார். அரசாங்கக் கந்தோரில் பிளான் வரைகிற வேலை, பேராதனையில் குவாட்டர்ஸ். பிள்ளைகள் இல்லை, மனைவி பள்ளிக்கூட டீச்சர். ஒருநாள், நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, கடையிலேயே சுற்று குறைந்த மோட்டரை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த சனிக்கிழமை வெறும் ரிமோட்டோடு வந்து நின்றார். கார் எங்கே என்றேன். மகாவலிக்குள் என்றார். ஏச்சு வாங்கத் தயாராக நான் தலையைக் குனிந்தேன். மனுசன் ரிமோட்டைக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“மோட்டரில பிழையில்லைத் தம்பி. ஆறுதான் கொஞ்சம் கிட்ட வந்திட்டுது.”

டீச்சர் கேட்டது

சண்டை கொஞ்சம் ஓய்ந்து வடக்குப் பாதை திறந்திருந்த சமயம், நாதன் சேர் வீடு பார்க்க ஊருக்குப் போனார். சொந்த வளவில், கிணற்றடிக்குப் போகிற வழியில் மிதிவெடி. வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கேள்விப்பட்ட அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. எந்த மோட்டரைத் தொட்டாலும் அவர் முகம்தான்.

பல மாதம் கழித்து டீச்சர் மட்டும் கடைக்கு வந்தார். பொய்க்கால் பொருத்தியாகிவிட்டதாம். ஆனால் மனுசன் காலையே பார்த்துக்கொண்டு இரண்டு அடி வைப்பார், கதிரையில் உட்கார்ந்துவிடுவார். முன்னால் பார்த்து நடங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். இப்படியே விட்டால் இனி எழும்பவே மாட்டார் என்று டீச்சருக்குப் பயம். வீட்டில் அவருடைய பழைய கார் ஒன்று கிடந்தது. அதை அவருக்கு முன்னால் தான் ஓட்டிக் காட்டப் போவதாகவும், அதற்கு இருக்கிறதிலேயே மெதுவான மோட்டர் வேண்டும் என்றும் கேட்டார். என் தொழிலில் அப்படி ஒருத்தரும் கேட்டதில்லை. நான் முழிப்பதைப் பார்த்து டீச்சர் சொன்னார்:

“இவ்வளவு காலமும் என்னை விட்டிட்டுக் காருக்குப் பின்னால ஓடின மனுசன் தம்பி. இப்பவும் அதுக்குப் பின்னாலயெண்டாலும் நடக்கட்டும்.”

என் பிழை

மேடேறுகிற விளையாட்டு லொறிகளுக்குப் போடுகிற மோட்டர் ஒன்று இருந்தது. அதைப் பூட்டி, எங்கள் வழக்கப்படி காரை ஒரு பெட்டிமேல் தூக்கி வைத்து, சில்லு காற்றில் சுற்றுவதைப் பார்த்து, ஆகா, நல்ல மெதுவு என்று கொடுத்தனுப்பினேன். கடைக்காரன் கண்ணுக்கு மெதுவு. அந்தக் காலுக்கு எது மெதுவு என்று யோசிக்கிற புத்தி எனக்கு இருக்கவில்லை.

மூன்றாம் நாள் பை திரும்பி வந்தது. சேர் ஆசையாகத்தான் எழும்பினாராம். முதல் அடி வைக்கும் முன்னே கார் ஹோலைத் தாண்டிச் சுவரில் மோதிவிட்டது. அப்படியே உட்கார்ந்தவர் சொன்னதை டீச்சர் என்னிடம் சொன்னார். செருப்பால் அடித்திருந்தாலும் அவ்வளவு வலித்திருக்காது:

“இதுவும் என்னை விட்டிட்டுப் போகுது.”

முழங்காலில் அடிமட்டம்

ஒரு அடி வைக்க அவருக்கு எவ்வளவு நேரமாகும் என்று டீச்சரிடம் கேட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணலாம் என்றார். அவர் போன பிறகு, முழங்கால் மடங்காதபடி ஒரு மர அடிமட்டத்தைக் காலோடு கட்டிக்கொண்டு, எண்ணி எண்ணிக் கடைக்குள் நடந்து பார்த்தேன். கவுண்டர் முனையிலிருந்து கதவுக்குப் போவதற்குள் வியர்த்துவிட்டது.

பிறகு அந்த மோட்டரைப் பிரித்து, பழைய கம்பியை உரித்துவிட்டு, மெல்லிய கம்பியால் இரண்டு மடங்கு சுற்று கையாலேயே சுற்றினேன். உள்ளே கம்பி சுற்றுகிற இரும்புக் கை மூன்று இருக்கும். மூன்றிலும் ஒரே கணக்காகச் சுற்ற வேண்டும், ஒன்று பிசகினாலும் நடுங்கும். இரண்டு தடவை பிசகியது. வேகம் இன்னும் குறைய, கடையிலிருந்ததிலேயே சின்னப் பல்சில்லைப் பூட்டினேன். இந்தத் தடவை பெட்டிமேல் வைக்கவில்லை. தரையில் விட்டு, கட்டிய காலோடு பின்னால் நடந்தேன். கார் எனக்கு ஒரு முழம் முன்னால், அவசரமில்லாமல் போனது. தொழுதுவிட்டு வந்த முதலாளி வாசலிலேயே நின்று பார்த்தார்:

“மத்தக் கடையில மோட்டரத்தான் டெஸ்ட் பண்ற. எங்கட கடையில விக்கிறவனயே டெஸ்ட் பண்ற.”

செக்பொயின்டில்

அந்த வாரம் பாதையில் சோதனை கூடியிருந்தது; ஏரியல் வைத்த ரிமோட்டைக் கண்டால் குண்டு வெடிக்க வைக்கிற சாமான் என்று பிடித்துவிடுவார்கள். அதை ஒரு தமிழ் டீச்சர் பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போவதாவது! எடுக்க வந்தவரோடு நானும் கூடப் போனேன். எதிர்பார்த்தபடியே பேராதனை வழியில் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். பையைத் திறந்த ஆமிக்காரர் எங்களை ஓரமாக நிற்க வைத்தார். அடையாள அட்டை இரண்டும் அவர் கையில். நான் அந்த அட்டைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் மட்டும் பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது பறிபோனால் சேரை இன்னொரு தடவை எழுப்ப முடியாது என்று அவருக்குத் தெரியும்.

ஓட்டிக் காட்டு என்றார்கள். ரோட்டில் வைத்து ஓட்டினேன். கார் போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. வரிசையில் நின்ற சனத்துக்குச் சிரிப்பு. ஆமிக்காரரும் சிரித்துக்கொண்டு இவ்வளவு மெதுவாக எதற்கு என்று கேட்டார். டீச்சர் சிங்களத்தில், புருசனுக்குக் கால் இல்லை, மிதிவெடி, நடக்கப் பழக்க என்றார். அந்த மனுசன் சிரிப்பை நிறுத்தினார். காரை இரண்டு கையாலும் தூக்கிப் பையில் வைத்து, அட்டைகளையும் திருப்பித் தந்துவிட்டு, சிங்களத்தில் என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

“எங்க காம்பிலயும் ஒருத்தன் இப்படித்தான் உட்கார்ந்தே இருக்கான். உங்க கடை எங்க இருக்கு?”

திரும்பி வந்தது

அன்றைக்கு வீட்டு வாசல்வரை போய், சேர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு நாலைந்து மாதம் ஒரு செய்தியும் இல்லை. நானாகக் கேட்கவும் பயம். ஒரு சனிக்கிழமை படியில் தடி ஊன்றுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் நாதன் சேர். பின்னால் டீச்சர், தாங்கிப் பிடிக்காமல், கையைக் கட்டிக்கொண்டு வருகிறார். ஒன்பது படியையும் அவரே ஏறினார். நான் ஓடிப் போய்த் தூக்கியிருப்பேன்; டீச்சர் கண்ணால் வேண்டாம் என்றார்.

வந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு சட்டைப் பையிலிருந்து நான் சுற்றிய மோட்டரை எடுத்துக் கவுண்டரில் வைத்தார். போச்சு, எரிந்துவிட்டது என்று நினைத்தேன். என்ன பிழை சேர் என்று கேட்டுக்கொண்டே ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவர் நிமிர்ந்து நேரே என் முகத்தைப் பார்த்தார்:

“ஒரு பிழையும் இல்லைத் தம்பி. இது இப்ப என்ர காலுக்குள்ள வந்து மறிக்குது. கொஞ்சம் கெதியா ஓடுறது ஒண்டு தாரும்.”

விற்ற மோட்டர் திரும்பி வந்ததற்கு நான் கண்ணைத் துடைத்தது என் சர்வீசில் அந்த ஒரு தடவைதான், அதையும் ஈயம் பற்றவைத்த புகை என்று முதலாளியிடம் சொல்லிச் சமாளித்துவிட்டேன்.