நான்காவது எலுமிச்சம்பழம்

எங்கள் அப்பா முதன்முதலாக வாங்கிய காருக்குப் பூசை போட்ட அன்று நான் திருடினேன். திருடியது ஓர் எலுமிச்சம்பழம். அப்போது எனக்கு ஒன்பது வயது. மறுநாள் ஆளுக்கொரு எலுமிச்சம்பழம் கொண்டு வரவேண்டும், அதில் ஆணியையும் செம்புக் கம்பியையும் குத்தி மின்சாரம் எடுக்கப் போகிறோம் என்று தமிழ்ப்பள்ளி ஆசிரியை சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த பழங்களையெல்லாம் அம்மா பூசைக்கு எடுத்து வைத்துவிட்டார். கேட்டால் வசவு விழும். ஆகவே நான் கேட்கவில்லை.

கார் ஏற்கெனவே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்தது. எங்களுக்கு அது புதுசுதான். சுங்கை சிப்புட் பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளி, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை போட்ட தோட்டத்தில், தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய பழைய லயத்து வீட்டில் நாங்கள் இன்னமும் குடியிருந்தோம். முனியாண்டி கோயில் வாசலில் காரை நிறுத்தி, சந்தனம் குங்குமம் வைத்து, நான்கு சக்கரங்களுக்கும் அடியில் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு பழங்களை வைத்தார் பூசாரி. பழங்களை நசுக்கிக்கொண்டு வண்டி நகர்ந்தால் கண்ணேறு கழியும், விபத்து அண்டாது. பூசாரி சூடத்தட்டோடு காரின் பின்பக்கம் போனார். எல்லாரும் அவர் பின்னாலேயே போனார்கள். முன்பக்கத்து இடது சக்கரத்தின் அடியில் இருந்த பழம் என் கவுன் பைக்குள் வந்து சேர்ந்தது. அப்பா காரைக் கிளப்பினார். மூன்று பழங்கள் நசுங்கின. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் வகுப்பில் எல்லாப் பழங்களையும் இணைத்துப் பார்த்தும் ஆசிரியையின் குட்டி விளக்கு எரியவில்லை. அதில் ஒரு திருட்டுப் பழம் இருப்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வாரம் கழித்துச் சத்தம் ஆரம்பித்தது.

நேராகப் போனால் ஒன்றுமில்லை. லயத்துக்கு முன்னால் காரைத் திருப்பும்போது, ஸ்டீரிங்கை வலப்பக்கம் கடைசிவரை வளைத்தால் மட்டும் முன்னாலிருந்து டக் டக் டக் என்று கேட்கும். இடது சக்கரம். என் சக்கரம். “முழுசா ஒடிச்சாத்தான் வருது” என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். ஒடிப்பது என்றால் திருப்புவது என்று பெரியவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது மரக்கிளை ஒடிவதுதான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

லயத்தில் ஒரு காருக்கு நோய் வந்தால் வைத்தியர்களுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டு மாமா ஸ்டீரிங் எண்ணெய் குறைந்துவிட்டது என்றார். எண்ணெய் ஊற்றினார்கள், சத்தம் குறையவில்லை. எதிர்வீட்டு அக்கா சக்கரத்து மூடிக்குள் கல் கிடக்கும் என்றார். மூடியைக் கழற்றினார்கள், கல் கிடைக்கவில்லை. முனியாண்டிக்குச் சுருட்டு வைக்க மறந்துவிட்டோம் என்பது அம்மாவின் முடிவு. அம்மா கோயில் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து வெளியே போய்விடுவேன். அடுத்த கேள்வி பழத்தைப் பற்றித்தான் இருக்கும் என்று தோன்றும்.

அப்பாவுக்கு ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை, மதிய ஷிப்ட். நான் பள்ளியிலிருந்து வரும் நேரத்தில்தான் அவர் கிளம்புவார். தோட்டத்து மண் சாலை பெரிய சாலையில் ஏறும் இடத்தில் வலப்பக்கம் நன்றாக வளைத்துத் திருப்ப வேண்டும். கல் ஏற்றிய லாரிகள் அங்கேதான் பறந்து வரும். அந்தத் திருப்பத்தில் என் சக்கரம் கழன்று தனியாக உருண்டு போவதையும், அப்பா உள்ளே மாட்டிக்கொள்வதையும் ஒவ்வொரு நாளும் மனசுக்குள் பார்த்தேன். அப்பா செத்துப் போனால் அது என்னால்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன், வேறு எதையாவது கேட்டுவிட்டுப் போய்விடுவேன். அவர் திரும்பி வரும்வரை படுக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கிடப்பேனே தவிர, தூங்கியதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சித்தப்பா வந்தார். புந்தோங்கில் டயர் கடையில் வேலை பார்த்தவர். டயரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசுவார். காரைத் தோட்டத்துத் திடலுக்குக் கொண்டுபோகச் சொன்னார். அப்பா ஸ்டீரிங்கை முழுதாக வளைத்தபடி மெதுவாக வட்டமடிக்க வேண்டும், சித்தப்பா இடது சக்கரத்தின் பக்கத்தில் குனிந்து ஓடிக்கொண்டே காது கொடுத்துக் கேட்பார். இதுதான் திட்டம்.

கார் சுற்ற ஆரம்பித்தது. டக் டக் டக். சித்தப்பா நண்டு மாதிரி பக்கவாட்டில் ஓடினார். லயத்துப் பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் முகம் அந்தச் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

“இன்னும் ஒடிங்கண்ணே! இன்னும் கொஞ்சம் லா!” என்று சித்தப்பா கத்தினார்.

சத்தம் வேகமாகக் கேட்டது. சக்கரம் இப்போது கழலப் போகிறது, முதலில் சித்தப்பா, பிறகு அப்பா என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. “நான்தான் எடுத்தேன்! எலுமிச்சம்பழத்த நான்தான் எடுத்தேன்! நிறுத்துங்கப்பா!” என்று அலறிக்கொண்டு காருக்கு நேராக ஓடினேன். திடலில் காலை மழை தேங்கியிருந்தது. கால் வழுக்கி, காருக்கு முன்னாலேயே குப்புற விழுந்தேன்.

கார் நின்றது. எழுந்து உட்கார்ந்தபோது முன் பம்பர் கைக்கு எட்டியது. அப்பா உடனே இறங்கவில்லை. எவ்வளவு கோபம் இருந்தால் இப்படி உள்ளேயே உட்கார்ந்திருப்பார் என்று நினைத்தேன். பிறகு கதவைத் திறந்து வந்தார். என்னைத் தூக்கி நிறுத்தினார். கன்னத்தில் ஓர் அறை விட்டார்.

“இனிமே இப்பிடிச் செய்வியா?”

“செய்யமாட்டேம்பா. இனிமே எடுக்கவே மாட்டேன்.”

என்ன எடுக்கமாட்டாய் என்று அவர் கேட்கவில்லை. ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்பும் பின்பும் அவர் என்னை அடித்ததே இல்லை.

அதற்குள் சித்தப்பா சக்கரத்துக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, முகத்தில் கறுப்பு அப்பியபடி எழுந்தார். “ரப்பர் உறை கிழிஞ்சி கிரீஸ் பூரா வெளிய அடிச்சிருக்குண்ணே. சக்கரத்தச் சுத்துற டிரைவ் ஷாப்ட் போச்சு லா” என்றார். செவ்வாய்க்கிழமை புந்தோங்கில் அதை மாற்றினார்கள். சத்தம் நின்றது. டிரைவ் ஷாப்ட் என்ற ஒன்றை நான் நம்பவே இல்லை. உண்மையைச் சொன்னேன், அடி வாங்கினேன், முனியாண்டி மன்னித்துவிட்டார். என் கணக்கு அவ்வளவுதான்.

ஒன்று மட்டும் உறுத்தியது. அன்றிலிருந்து அப்பா காரைக் கிளப்புவதற்கு முன்னால் என்னைக் கூப்பிடுவார். “பாப்பா, எங்க இருக்க?” நான் வாசற்படியில் வந்து நின்று குரல் கொடுத்த பிறகுதான் சாவியைத் திருப்புவார். திருடியை அவர் இன்னும் நம்பவில்லை என்று எடுத்துக்கொண்டேன். அவமானமாக இருக்கும். இருந்தாலும் ஓடிவந்து நிற்பேன்.

சென்ற மாதம் என் காரிலும் அதே சத்தம் வந்தது. அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதற்கு எவள் பழத்தை எடுத்தாளோ என்றேன். அவருக்குப் புரியவில்லை. முழுக் கதையையும் சொன்னேன். இருமல் வரும் அளவுக்குச் சிரித்தார். அன்று நான் கத்தியதில் ஒரு வார்த்தைகூட அவர் காதில் விழவில்லையாம்.

“அப்பொறம் எதுக்குப்பா அடிச்சீங்க?”

சிரிப்பு நின்றுவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“சத்தம் எங்க வருதுன்னு எடப்பக்கமே பாத்துக்கிட்டிருந்தேன். முன்னால பாத்தா நீ ஓடி வார. பிரேக்க மிதிக்கிறேன், ஒன்னயக் காணோம். பானெட்டுக்குக் கீழ போயிட்ட. காடி நின்னுருச்சு. எறங்கிப் பாக்கத்தான் எனக்குத் தைரியம் வரல.”