விரதம் என்று நினைத்தோம்

‘2004 நவம்பர் 14, ஞாயிறு. கந்தசஷ்டி இரண்டாம் நாள். பருத்த மனிதர் இன்றும் சாப்பிடவில்லை.’ என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது.

ஆர்ச்வே கோயிலில் அன்னதான வரிசையைப் பார்த்தபடி அவர் தனியே உட்கார்ந்திருப்பார். பிளாஸ்கிலிருந்து எதையோ குடித்துவிட்டு மூடியை மூன்று முறை துடைப்பார்.

“உங்களைப் போல விரதம் பிடிக்க எங்களுக்கு ஏலாது அண்ணை,” என்று ஒரு பெண் கும்பிட்டுப் போனாள். அவர் கூசிக் குனிந்தார்.

“விரதமில்லை, தம்பி,” என்றார் என்னிடம், பிளாஸ்கில் இருந்த முட்டைக்கோஸ் நீரைக் காட்டி. “கோவா அவிச்ச தண்ணி. ஒரு மாசமா இதுதான். மனுசிக்கு விசா கிடைச்சிட்டுது. பதினொரு வருசத்துக்கு முந்தித் தாலி கட்டின மெல்லிய பெடியனைத் தேடி வாறாள். எயார்போட்டில என்னைத் தாண்டிப் போயிடுவாள்.”

உடல் மெலிவிக்கும் மோகங்களைப் பற்றி அப்போது நிறைய வாசித்துக்கொண்டிருந்தேன். 1930களில் விற்ற ஒரு மாத்திரை ஆட்களை மெலிய வைத்தது, சிலரின் கண்ணைப் பறித்தது, சிலரைக் கொன்றது என்றேன்.

“இது கோவாதானே,” என்று சிரித்தார். எழ முயன்று, சுவரைப் பிடித்தபடி மறுபடி உட்கார்ந்தார்.

“மயங்கி விழுந்தால்?”

“அவள் வந்தாப்பிறகு விழுந்தாப் பரவாயில்லை. தூக்க ஆள் இருக்கும்.”

அடுத்த ஞாயிறு முதல் அவரைக் காணவில்லை. மனைவியோடு விம்பிள்டன் பக்கம் போய்விட்டார் என்றார் ஒருவர். ஆம்புலன்சில் ஏற்றியதைக் கண்டதாகச் சொன்னார் இன்னொருவர். இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். எது உண்மை என்று இன்றுவரை உறுதிப்படுத்த முடியவில்லை.